'எங்க ஊர்ல இதைத்தானே சாப்பிடுவோம்!' - காலிமனைக் காளானைப் பறிக்கும் முன் இதைப் படியுங்கள்

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் கொட்டிவிட்டு ஓய்ந்தால் போதும். வேப்பம்பட்டின் காலிமனைகளில் மறுநாள் காலையே வெள்ளை வெள்ளையாகக் குடைகள் விரிந்துவிடும். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவே, சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு வீடு, அடுத்து புல் முளைத்த மனை, அதற்கடுத்து பாதி கட்டிய சுவர் என்று வளர்ந்துகொண்டே இருக்கும் புறநகர். காளானுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இங்கே மனை வாங்கிக் குடிவந்தவர்களில் பலருக்குச் சொந்த ஊர் வேறு எங்கோ. அதனால் காளானைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. 'எங்க அப்பத்தா இதை மிளகு அரைச்சு வெச்சா தெருவே மணக்கும்' என்பார் தென்மாவட்டத்துக்காரர். 'எங்க ஆயா புத்துக்காளான் கிடைச்ச அன்னிக்குக் கறியே எடுக்க மாட்டாங்க' என்பார் உள்ளூர்க்காரர். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால், அப்பத்தா பறித்த காளானும் இந்த மனையில் நிற்கும் காளானும் ஒன்றுதானா? ஆபத்து அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கறிக்குப் போட்டி போடும் ருசி

காளான் தமிழர்களுக்குப் புதிதல்ல. 'ஆம்பி' என்பது அதன் பழைய பெயர். பல நாள் சமைக்காத அடுப்பில் ஆம்பி பூத்திருக்கும் வறுமையைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார் பெருந்தலைச் சாத்தனார். கிராமங்களில் இன்றும் புற்றுக்காளான், அரிசிக்காளான், வைக்கோல் காளான் என்று முளைக்கும் இடத்தையும் உருவத்தையும் வைத்தே பெயர் சொல்கிறார்கள். சாப்பிடக் கூடாதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், 'நாய்க்குடை'.

இவற்றில் ராஜா, புற்றுக்காளான். விடிவதற்குள் போய், குடை விரியும் முன்பே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புழு வைத்துவிடும். மண்ணைச் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் அலசி, நார் நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கினால் நாட்டுக்கோழிக்குப் போட்டியாக நிற்கும். காளான்களில் இயற்கையாகவே இருக்கும் குளூட்டமேட்தான் அந்தக் கறி ருசிக்கு முக்கியக் காரணம்.

ஒரு புற்றில் இந்த வருடம் முளைத்தால், அடுத்த வருடமும் அதே இடத்தில் முளைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் கிராமத்தில் காளான் கிடைத்த இடத்தை யாரும் சுலபத்தில் சொல்லிவிட மாட்டார்கள். அம்மாவிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே கைமாறும் ரகசியம் அது.

கறையான் செய்யும் விவசாயம்

புற்றுக்காளானின் கதை அதன் ருசியைவிடச் சுவாரஸ்யமானது. இதை உண்மையில் பயிர் செய்வது கறையான்கள். காய்ந்த இலை, மரத்தூள், சருகு எல்லாவற்றையும் மென்று கொண்டுவந்து, புற்றுக்குள் தேனடை போல அடுக்கி வைக்கின்றன. அந்த அடையில் பூஞ்சை வளர்கிறது. கறையானால் நேரடியாகச் செரிக்க முடியாத மரச்சத்தை அந்தப் பூஞ்சை பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. மழை பெய்து மண் இளகியதும் அந்தப் பூஞ்சையே நீண்ட வேர் போன்ற தண்டை மேலே நீட்டி, தரைக்கு வெளியே குடை விரிக்கிறது. இந்தக் கூட்டணிக்குச் சுமார் 3 கோடி வயது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இந்தப் பூஞ்சை இனத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று 1942-ல் பெயர் வைத்தவர் ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. தென்னிந்தியக் காளான்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே.நடராஜன், 1979-ல் ஒரு புற்றுக்காளான் வகையை உலகுக்கு முதன்முறையாக முறைப்படி விவரித்தார். ஹெய்மின் நினைவாக அவர் அதற்கு வைத்த பெயர், 'டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை'.

கறையான் இல்லாமல் இது வளராது. அதனால் சிப்பிக்காளான் போல ஷெட் போட்டு வளர்த்து விற்க இன்றுவரை வழியில்லை. காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது என்பதுதான், கண்ணில் பட்டதும் கை நீளக் காரணம்.

'இடி இடிச்சாத்தான் காளான் முளைக்கும்' என்பார்களே, அதுவும் வெறும் கதையல்ல. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில், காளான் வளரும் மரக்கட்டைகளில் செயற்கையாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். சில வகைகளில் விளைச்சல் கூடியது. ஆனால், இடிக்கு நல்ல காளான், கெட்ட காளான் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதே!

புல்தரையில் நிற்கும் போலி

காலிமனை, பூங்கா, விளையாட்டு மைதானம், தோட்டத்து எருக்குழி... இங்கெல்லாம் மழைக்குப் பின் பெரிதாக, வெள்ளையாக, தலையில் பழுப்புச் செதில்களோடு நிற்கும் காளானைப் பலரும் பார்த்திருப்பார்கள். தண்டில் ஒரு மோதிரம் மாட்டியது போல இருக்கும். பார்க்க அவ்வளவு லட்சணம். பல நேரம் அது 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்ற நச்சுக்காளானாக இருக்கும். உலகின் வெப்பமான நாடுகளில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான்.

குடையின் அடியில் இருக்கும் மடிப்புகள் முற்றிய பிறகு பச்சை நிறத்துக்கு மாறும். ஆனால், இளசாக இருக்கும்போது அவையும் வெள்ளைதான். நம் மக்கள் தேடிப் பறிப்பதோ இளம் காளானை!

சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசையும் வலி தொடங்கிவிடும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், குழந்தைகளும் வயதானவர்களும் நீரிழப்பால் துவண்டுவிடுவார்கள். குளுக்கோஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும்.

சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்னும் நஞ்சு

உடனே வாந்தி எடுக்க வைக்கும் காளான்கூடப் பரவாயில்லை. அமாடாக்ஸின் என்ற நஞ்சு உள்ள காளான்களோ, ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் வரைகூட எந்த அறிகுறியும் காட்டாது. 'நல்லாத்தானே இருக்கோம்' என்று குடும்பமே தூங்கப் போய்விடும்.

பிறகு கடுமையான வாந்தியும் பேதியும் வரும். அடுத்த நாள் அது கொஞ்சம் அடங்கி, உடம்பு தேறியதுபோலத் தோன்றும். பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே கல்லீரல் செல்கள் புரதம் தயாரிக்கும் வேலையையே நஞ்சு நிறுத்திக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு நாள்களில் மஞ்சள் காமாலை, கல்லீரல் செயலிழப்பு. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இருக்காது.

வேகவைத்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது.

உலகில் காளான் சாப்பிட்டு நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 'டெத் கேப்' எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ். 2020 ஏப்ரலில் மேகாலயாவின் மேற்கு ஜெயின்டியா மலை மாவட்டம், லாமின் கிராமத்தில் ஆறு பேர் காட்டுக்காளான் சாப்பிட்டு இறந்தார்கள். அது இந்த வகை என்று கண்டறியப்பட்டது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் சில நாள்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். சிகிச்சைக்கு திப்ருகரில் உள்ள அஸ்ஸாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

டெத் கேப், ஓக் போன்ற சில மரங்களின் வேரோடு ஒட்டி வளர்வது. வேப்பம்பட்டு போன்ற சமவெளியில் அது முளைக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 'லெபியோட்டா' என்ற குட்டிக் குடைக்காளான்களில் சில வகைகளுக்கும் அதே அமாடாக்ஸின் உண்டு. அவை புல்தரையிலும் தோட்டத்திலும் வளரக்கூடியவை.

ஊர் மாறினால் காளானும் மாறும்

இந்த விபத்துகளில் அடிக்கடி தென்படும் ஒரு விஷயம் உண்டு. காளானைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் அதைப் பறிப்பதில்லை. சிக்கிக்கொள்பவர்களில் பலர், தெரியும் என்று நம்பியவர்கள்.

2011 டிசம்பர் 31 அன்று, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு சமையல் கலைஞர் தன் சக ஊழியர்களுக்குப் புத்தாண்டு விருந்து சமைத்தார். சீனாவிலிருந்து வந்தவர் அவர். அங்கே முளைத்திருந்த காளானைப் பார்த்ததும், ஊரில் சாப்பிட்டுப் பழகிய வைக்கோல் காளான் என்றே நினைத்துவிட்டார். அது டெத் கேப். அவரும் உடன் வேலை பார்த்த இன்னொருவரும் சில நாள்களில் இறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது அந்தக் காளான்.

2021-ல் காபூலிலிருந்து தப்பிப் போலந்துக்குப் போன ஓர் ஆப்கன் குடும்பம், அகதிகள் மையத்தை ஒட்டிய காட்டில் காளான் பறித்துச் சமைத்தது. ஐந்து, ஆறு வயதில் இருந்த அண்ணன் தம்பி இருவரும் இறந்துபோனார்கள். அதுவும் டெத் கேப்தான்.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் முன்னோரும், பிரிட்டிஷார் காலத்தில் ஜார்க்கண்ட், ஒடிசா என்று தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களே.

காளான் அறிவு என்பது ஓர் ஊரின் மண்ணோடு சேர்ந்தது. கன்னியாகுமரி மலையில் வாழும் காணி மக்கள் பல வகைக் காளான்களைப் பிரித்தறிந்து சாப்பிடுகிறார்கள். எந்த மரத்தடி, எந்த மாதம், என்ன வாசனை, தண்டின் அடி எப்படி இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் பார்த்துப் பழகியது அந்த அறிவு. அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்ததும் அவருடைய ஊர்க் கரட்டுக் காளான்தான், வேப்பம்பட்டு காலிமனைக் காளான் அல்ல. அவரே இன்று இங்கு வந்தாலும் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்வார்.

'பாட்டி டெஸ்ட்' எதுவும் பலிக்காது

காளானைச் சோதிக்கும் வழிகள் என்று வாட்ஸ்அப்பிலும் வாய்வழியாகவும் சுற்றுபவை ஏராளம். அவற்றில் சில:

• 'வெள்ளிக்காசு, வெள்ளி ஸ்பூன் கறுத்தால் விஷம்': தவறு. அமாடாக்ஸினுக்கும் வெள்ளி கறுப்பதற்கும் சம்பந்தமில்லை.

• 'பூண்டு, மஞ்சள்தூள் நிறம் மாறாவிட்டால் நல்ல காளான்': தவறு. எந்த நிறமும் மாறாமலே உயிரைப் பறிக்கும் காளான்கள் உண்டு.

• 'பூச்சியும் நத்தையும் தின்றிருந்தால் நாமும் சாப்பிடலாம்': தவறு. அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

• 'கலர் கலராக இருப்பதுதான் விஷம், வெள்ளை நல்லது': மிக ஆபத்தான நம்பிக்கை. உயிரைப் பறிக்கும் அமானிட்டா வகைகளில் சில தூய வெள்ளை.

• 'நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் போதும்': அமாடாக்ஸினிடம் இது எடுபடாது.

• 'புற்று மண்ணில் நின்றால் புற்றுக்காளான்': புற்றுக்கு அருகில் வேறு காளானும் முளைக்கலாம். தரைக்கு மேலே கத்தரித்து எடுத்தால், அமானிட்டாவின் அடையாளமான அடிப்பை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

போன் கேமராவை நம்பலாமா?

'அதான் ஆப் இருக்கே, போட்டோ எடுத்தா பேர் சொல்லிடுமே' என்பது இளைஞர்களின் பதில். ஆஸ்திரேலியாவில் மூன்று பிரபல காளான் ஆப்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அவற்றில் முதலிடம் பிடித்த ஆப்கூட ஏறக்குறைய பாதிக் காளான்களைத்தான் சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சமைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதே 2023-ல், ஏ.ஐ. எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காளான் வழிகாட்டிப் புத்தகங்கள் அமேசானில் விற்பனைக்கு வந்தன. நம்பகமான நிபுணர்கள் எழுதிய புத்தகங்களை மட்டுமே வாங்குங்கள், இது வாழ்வா சாவா என்ற விஷயம் என்று நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரித்தது.

போட்டோவில் வாசனை தெரியாது. மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டு தெரியாது. பெயரைத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்கு ஆப் நல்லது. அடுப்பில் ஏற்றும் முடிவை அதனிடம் விடக் கூடாது.

நல்ல காளானும் கெட்டுப்போகும் இடம்

ஒரு பேச்சுக்கு, அது அசல் புற்றுக்காளான் என்றே வைத்துக்கொள்வோம். புறநகரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீடு கட்டும்போது கறையானுக்கு எதிராக அஸ்திவாரத்தைச் சுற்றி குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளைத் தெளிப்பது வழக்கம். பக்கத்து மனைக்காரர் என்ன மருந்து அடித்தார் என்று காளானைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலும், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் குணம் காளான்களுக்கு உண்டு. குப்பை எரித்த இடம், சாலையோரம், ரயில் பாதையோரம், கழிவுநீர் தேங்கும் மனை... இங்கே முளைப்பது எதுவாக இருந்தாலும் சமையலறைக்குள் வர வேண்டாம்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்?

• அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 108-ஐ அழைக்கலாம்.

• ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், அந்தக் காளானைச் சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும்.

• உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுத்துப் படுக்க வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம்.

• மிச்சமிருக்கும் காளானை, சமைத்ததாக இருந்தாலும், எடுத்துச் செல்லுங்கள். சமைக்காதது இருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதத்தில் சுற்றுங்கள். பறித்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

• எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்ற இரண்டு தகவல்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி மிகப் பெரிய எச்சரிக்கை. அதே சமயம், சீக்கிரம் வந்த வாந்தி என்பதற்காக அலட்சியமும் வேண்டாம். ஒரே குழம்பில் இரண்டு வகைக் காளான் கலந்திருக்கலாம்.

• வாந்தி நின்றதும் 'சரியாயிடுச்சு' என்று டாக்டர் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

• டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லா எண் 1800 116 117-ல் எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.

ருசியும் வேண்டும், பயமும் வேண்டாம் என்பவர்களுக்கு...

இன்று கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பால்காளானும் ஒரு காலத்தில் காட்டுக்காளான்தான். மேற்கு வங்கத்தில் மக்கள் பறித்துச் சாப்பிட்டு வந்த அதை 1970-களில் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். வணிகப் பயிராக அதை வளர்த்தெடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் 'ஏ.பி.கே. 2' ரகம் வெளியானது. 30 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தாலும் வாடாமல் விளையும் என்பதால் நம் ஊருக்குத் தோதான காளான். வைக்கோல் காளான் வளர்ப்பும் இந்தியாவில் முதலில் தொடங்கியது கோவையில்தான், 1940-களில்.

வேப்பம்பட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதி. பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அருகிலுள்ள திரூரிலேயே இருக்கின்றன. காளான் வளர்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே போய் விசாரிக்கலாம். நல்ல விதை வாங்கி, வைக்கோலும் பாலித்தீன் பையும் இருந்தால், வீட்டின் ஒரு மூலையிலேயே சிப்பிக்காளான் எடுத்துவிடலாம்.

அப்பத்தாவின் மிளகுக் குழம்புக்கு பால்காளானைச் சேர்த்துப் பாருங்கள். புற்றுக்காளானின் அதே ருசி வராது, உண்மைதான். ஆனால், சாப்பிட்டுவிட்டு இரவு முழுக்க வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காலிமனைக் காளானைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், போட்டோ எடுங்கள், கறையான் செய்யும் விவசாயத்தைக் கதையாகச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்தால், கையைக் கழுவச் சொல்லுங்கள். பறிக்க மட்டும் வேண்டாம்.